ராட்டினத் தண்ணீர்

பிள்ளைகள் ராட்டினம் சுற்றுவார்கள். நிலத்தடி நீர் மேலேறும். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்த ‘பிளேபம்ப்’ திட்டத்துக்கு 2006இல் நியூயார்க் மேடையில் அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் 1.64 கோடி டாலர் அறிவித்தார். கைதட்டலுக்குக் குறைவிருந்திருக்காது.

அப்போது ராட்டினம் ஒன்று சுமார் 14,000 டாலர். அந்தக் காசுக்கு நான்கு கைப்பம்பு வைத்திருக்கலாம். திட்டம் சொன்ன அளவு தண்ணீர் வர, பிள்ளைகள் தினமும் 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் ‘கார்டியன்’ நாளிதழ் கணக்குப் போட்டது. மொசாம்பிக்கில் பிள்ளைகள் இல்லாத நேரத்தில், குடத்தோடு வந்த பெண்கள் முதுகு வளைத்து ராட்டினத்தைத் தள்ளினார்கள்.

அவர்களை முன்கூட்டிக் கேட்டிருக்கலாம். ஆனால் நியூயார்க்கில் அவர்கள் எங்கே கிடைப்பார்கள்?

பயன்படுத்துகிறவரிடமே கேட்டவரும் உண்டு. பெண்களுக்கான மலிவு சானிட்டரி நாப்கினை உருவாக்கிய கோவை முருகானந்தம் அதை முதலில் சோதித்தது மனைவியிடம். குறை கேட்க அவர் விமானம் ஏறவில்லை. ஆனால் அந்தச் சோதனைகளைப் பற்றி ஊரே கூடிப் பேசியது. மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்கே போய்விட்டார்.