ஐயா, கொஞ்சம் ஓரங்கட்டுங்கள்

பெறுநர்: பாலத்தடி வாகனத் தணிக்கைக் குழுவினர் (ஊர்ப் பெயர் போடவில்லை. எல்லா ஊரிலும் ஒரு பாலம் இருக்கிறது, அதன் அடியில் நீங்களும் இருக்கிறீர்கள்.)

மதிப்பிற்குரிய ஐயா,

ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று என்று இத்தனை வருடமாக நீங்கள் கேட்டதையெல்லாம் எடுத்துக் காட்டியதில் எனக்கும் ஒரு நப்பாசை பிறந்துவிட்டது. ஒருநாளாவது உங்கள் பேப்பர்களை நான் பார்க்க வேண்டும்.

முதலில் சாவி. வண்டி நிற்குமுன் அதை உருவிவிடும் உங்கள் கைலாவகத்துக்கு வணக்கம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தை முழுக்கப் புரட்டிவிட்டேன். சீருடையிலுள்ள காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறது 130-ஆவது பிரிவு. சாவியைப் பிடுங்கச் சொல்லும் பிரிவு மட்டும் கிடைக்கவில்லை. என் புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்திருக்கலாம். உங்களிடம் இருந்தால் ஒரு ஜெராக்ஸ் அனுப்புங்கள்.

அடுத்து, "ஒரிஜினல் எங்கப்பா?" செல்போனில் டிஜிலாக்கரைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 139-ஐத் திருத்தி, மின்னணு வடிவில் காட்டினாலும் செல்லும் என்று டெல்லியில் எழுதியது 2018-இல். அந்த உத்தரவு இன்னும் பாலத்தடிக்கு வந்து சேரவில்லை. வழியில் ஏதாவது செக்கிங்கில் மாட்டிக்கொண்டதோ என்னவோ.

ஒரிஜினலே கொடுத்தாலும் அது உங்கள் சட்டைப் பைக்குள் போய்விடுகிறது. லைசென்ஸைக் கைப்பற்றினால் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்கிறது 206-ஆவது பிரிவு. "ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கோ" என்பதைச் சீட்டு என்று சொல்ல முடியாது, ஐயா.

ஒருவேளை பாலத்தை விட்டு என் வீட்டுக்கே சோதனைக்கு வருவதாக இருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைக் கையோடு கொண்டுவாருங்கள். வாரண்ட் இல்லையென்றால் எதற்காக வருகிறீர்கள் என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். வீடியோ ஓட வேண்டும். எடுத்துப்போகும் பொருளுக்குப் பட்டியலும், எனக்கு அதன் நகலும் வேண்டும். அந்த வட்டாரத்து மதிப்புக்குரியவர்கள் இரண்டு பேர் சாட்சி நிற்க வேண்டுமாம். எங்கள் தெருவில் அப்படி இரண்டு பேரைத் தேடுவது உங்கள் பாடு.

இதையெல்லாம் வேடிக்கையாக எழுதிவிடலாம். துவாக்குடியை அப்படி எழுத முடியவில்லை. 2018 மார்ச்சில், திருச்சிக்குப் பக்கத்தில், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு பைக்கை இன்ஸ்பெக்டர் துரத்திப்போய் உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்துபோனார். ஹெல்மெட் போடாததற்கு முதல் தடவை அபராதம் அன்று 100 ரூபாய். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம்.

அபராதம் கட்ட எனக்கு ஆட்சேபணை கிடையாது. தமிழ்நாட்டில் 2022 முதல் ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய். தப்பு என் பேரில் இருந்தால் இ-சலானை நீட்டுங்கள், கட்டுகிறேன். இல்லை என்று தோன்றினால் கோர்ட்டில் பேசிக்கொள்கிறேன். "முந்நூறு கொடுத்துட்டுக் கிளம்பு" என்கிற கட்டணம் மட்டும் அரசின் எந்த அட்டவணையிலும் இல்லை.

இப்படிக்கு,
வரிசையில் நான்காவதாக நிற்பவன்