தொட்டி மணல் இடப்பெயர்வியல்: ஒரு பேராய்வின் சுருக்கம்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

மாலையில் சமமாகப் பரப்பிய வெண்மணல், விடிவதற்குள் தொட்டியின் ஒரு மூலையில் குன்றாகவும் மறு மூலையில் வெறுங்கண்ணாடியாகவும் மாறிவிடுவது ஏன்? வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்போர் யாவரும் இந்நிகழ்வைக் கண்டவர்களே. கண்டவர்களில் பெரும்பாலோர் ஒரு கரண்டியால் மணலை இழுத்துச் சமன்செய்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டனர். இதனால் அறிவுலகுக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம், 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் உள்ள நாலடித் தொட்டி. கொள்ளளவு 270 லிட்டர். கூடத்துத் தரையில் சிந்தும் உப்புநீரை யார் துடைப்பது என்னும் கிளைவினா, குடும்ப வழக்குகளின் பாற்படும் ஆதலால் இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

2. வழக்கின் தரப்பினர்

முதல் தரப்பு பவளம். நின்ற இடத்திலிருந்து நகரமுடியாத உயிர். உண்ண வேண்டியது தேடி வரவேண்டும், கழித்தது தானே நீங்கவேண்டும். நீர் தேங்கினால் பவளத்தின் மேற்பரப்பை ஒட்டி அசையாத நீர்ப்படலம் ஒன்று தடித்துவிடும். உயிர்வளி அதனூடே ஊர்ந்துதான் உள்ளே போகும், வெளியே வரும். ஓட்டம் கூடக்கூடப் படலம் மெலியும். ஆகவே அக்ரோபோரா போன்ற கிளைப்பவளம் வளர்ப்போர், தொட்டிக் கொள்ளளவைப்போல் 20 முதல் 40 மடங்கு நீரை ஒரு மணி நேரத்தில் சுழற்றுகின்றனர். மென்பவளங்கள் அதில் பாதிக்கே மனநிறைவு கொள்ளும்.

இரண்டாம் தரப்பு மணல். இதன் குலவரலாறு கவனிக்கத்தக்கது. பல பவளக் கடற்கரைகளின் வெண்மணலில் பெரும்பங்கு கிளிமீன் பவளப்பாறையைக் கொறித்து, அரைத்து, பின்வழியே விட்டது. மாலத்தீவின் வக்காரு தீவில் புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கும் மேல் அம்மீனின் கொடை என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். மற்றொரு குலம் பகாமா மேடைகளின் ஊலைட் மணல். ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில், ஓட்டத்தால் ஓயாமல் உருட்டப்படும் சிறு துகளைச் சுற்றி அரகோனைட் என்னும் சுண்ணகம் படலம் படலமாகப் படிந்து இம்மணல் உருண்டை உருவாகிறது. உருளாவிட்டால் இது பிறந்தே இருக்காது. பிறவிப் பயனே உருள்வதாகக் கொண்ட ஒன்றை விலைக்கு வாங்கி, தொட்டியில் கொட்டி, ‘இனி அசையாதே’ என்று ஆணையிடும் வழக்கத்தின் நியாயத்தை அறிஞர் எண்ணிப் பார்ப்பாராக.

மூன்றாம் தரப்பு உடைமையாளர். இவருக்கு வேண்டுவன இரண்டே: பவளத்துக்குப் புயல், மணலுக்கு அமைதி, இரண்டும் ஒரே பெட்டிக்குள், ஒரே நேரத்தில்.

நான்காம் தரப்பு, மணல் சலிக்கும் கோபி மீன். வாய் நிறைய மணலை அள்ளி, உண்ணத்தக்கதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்க்கும். நீந்திக்கொண்டே உதிர்ப்பதால் அது பவளத்தின் தலையிலும் விழும். இவர் வழக்கில் தாமாக வந்து சேர்ந்தவர். அழைப்பாணை அனுப்பத் தேவையிருக்கவில்லை.

3. முன்னோர் ஆய்வு

இத்துறையின் முன்னோடி ஹெர்த்தா அயர்ட்டன். இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரையில் மணல் வரிகளைக் கண்டு வியந்தவர். வியப்போடு நில்லாமல் கண்ணாடித் தொட்டிகளில் மணலையும் நீரையும் இட்டு ஆட்டி ஆராய்ந்தார். மணமான பெண் என்பதற்காக 1902இல் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்த இலண்டன் ராயல் சொசைட்டி, 1904இல் மணல் வரிகள் பற்றிய அவருடைய கட்டுரையை அவரே வாசிக்கக் கேட்டது. அச்சபையில் தம் கட்டுரையைத் தாமே வாசித்த முதல் பெண் அவர். முன்னும் பின்னும் அலையும் நீரே மணலில் வரி போடும் என்பது இன்று வேவ்மேக்கர் என்னும் அலைப்பம்பைத் துடிப்பு முறையில் ஓடவிடும் எவரும் தம் தொட்டித் தரையில் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய உண்மை. தொட்டியைக் கூடத்தில் வைத்து மணலையே பார்த்துக்கொண்டிருப்பது வீண்வேலை என்று கூறும் உறவினருக்கு இவ்வரலாற்றை எடுத்துரைக்கலாம்.

அடுத்தவர் சுவீடனின் ஃபிலிப் யூல்ஸ்ட்ரோம். ஃபூரிஸ் ஆற்றை ஆராய்ந்து, எந்தப் பருமனுள்ள துகளை எந்த வேகத்து நீர் பெயர்க்கும் என்று 1935இல் வரைபடம் தந்தார். நுண்ணிய களிமண் ஒட்டிக்கொண்டு நீரை எதிர்க்கும். கூழாங்கல் தன் எடையால் எதிர்க்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட, கால் மில்லிமீட்டர் முதல் அரை மில்லிமீட்டர் வரையான மணலே மிக எளிதில் பெயர்வது. வினாடிக்கு ஏறத்தாழ 20 செ.மீ. வேகம் அதற்குப் போதும். பார்வைக்கு மிக அழகியது என்று தொட்டி வளர்ப்போர் விரும்பி வாங்குவதும் சர்க்கரை போன்ற அதே மணலைத்தான். உலகில் எளிதில் ஓடக்கூடிய பொருளைத் தேடிப் பிடித்துக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம் என்பது இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு.

4. கணக்கு

நம் தொட்டிக்கு 40 மடங்கு சுழற்சி என்றால் மணிக்கு 10,800 லிட்டர். வினாடிக்கு 3 லிட்டர். தொட்டியின் குறுக்குவெட்டு 2,250 சதுர செ.மீ. வகுத்தால் சராசரி வேகம் வினாடிக்கு 1.3 செ.மீ. இவ்வேகத்தில் ஒரு துகளும் அசையாது. எனவே மணல் நகரவில்லை என்று நிறுவப்பட்டது.

‘அற்றன்று, மணல் நகர்கிறதே’ எனின், கூறுதும். நீர் சராசரியாக ஓடுவதில்லை. பம்பின் வாயிலிருந்து தாரையாகப் பாய்கிறது. இரண்டு பம்புகள், ஒவ்வொன்றுக்கும் 5 செ.மீ. விட்டமுள்ள வாய் எனக் கொண்டால், வாயருகே வேகம் வினாடிக்கு 76 செ.மீ. தடையற்ற வட்டத்தாரை, தன் விட்டத்தைப்போல் ஆறு மடங்குத் தொலைவு வரை நடுவேகம் குன்றாது. அப்பால் தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறையும். எனவே 60 செ.மீ.யில் 38; எதிர்க் கண்ணாடியான 120 செ.மீ.யில் 19. தாரை பக்கத்துக்கு ஏறத்தாழ 12 பாகை விரிந்துகொண்டே போவதால், தரைக்கு 25 செ.மீ. மேலே பொருத்திய பம்பின் நீரும் எதிர்முனையை அடைகையில் மணலைத் தொட்டுவிடும்; கண்ணாடியில் மோதிய நடுத்தாரையும் கீழ்நோக்கி மடிந்து அங்கேயே வந்து இறங்கும். யூல்ஸ்ட்ரோமின் 20க்கு ஒன்று குறைகிறதே என மகிழற்க. இரு தாரைகள் மோதிக் கலங்கும் தொட்டியில் அந்த ஒன்றைக் கொந்தளிப்பு ஈடுகட்டிவிடும்.

ஆகவே குழி விழுவது பம்பின் அடியில் அன்று, அதற்கு எதிர்மூலையில். பம்பின் அடியில் மணலைக் குவித்துப் பாதுகாத்தோர், திருடன் போன வீட்டை விட்டு எதிர்வீட்டுக்குக் காவலிருந்தவராவர்.

5. திணைப் பகுப்பு

குறிஞ்சி: பாறைக்குப் பின்னே, நீர் வேகம் இழக்கும் மறைவில் மணல் குவிந்த மேடு. முல்லை: பச்சைப்பாசி படர்ந்த சமவெளி. மருதம்: கோபி மீன் நாள்தோறும் உழும் நிலம். நெய்தல்: மணல் வரி விழுந்த முன்பகுதி. இந்நான்கும் தம் இயல்பு கெட்டு வெறுங்கண்ணாடியாவது பாலை. பாலைக்கு உரிய சிறுபொழுது நண்பகல் என்பர் முன்னோர். தொட்டிப் பாலைக்கு உரியது விருந்தினர் வரும் ஞாயிறு மாலை.

6. கொள்கைப் பிரிவினர்

சூனியவாதிகள் மணலே வேண்டாம் என்பர். வெறுங்கண்ணாடித் தரையில் எவ்வளவு வேகமாகவும் நீரை ஓட்டலாம், கழிவையும் எளிதில் உறிஞ்சி எடுக்கலாம். கேட்க நன்று, பார்க்கக் குளியலறை.

ஆழ்மணலார் 10 செ.மீ.க்கு மேல் மணல் இட்டு, உயிர்வளி எட்டாத அடுக்கில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை வளியாக்கி வெளியேற்றும் என்பர். அது மெய்யே. ஆயின் பலத்த ஓட்டம் அவ்வடுக்கைத் தோண்டி வெளிக்கொணர்ந்தால் தேங்கிய அழுக்கும் உடன் வெளிவரும்.

நடுவழியார் 3 முதல் 5 செ.மீ. இடுவர். உலகில் பெரும்பாலோர் இவரே. கரண்டியோடு காணப்படுவோரும் இவரே.

7. விதிகளும் உரையும்

விதி 1: கல் முதல், மணல் பின். பாறையைக் கண்ணாடித் தரையில் நேரே அமர்த்தியபின் மணல் இடுக. மணல்மேல் நிறுத்திய பாறை, ஓட்டமோ கோபியோ அடியை அரிக்கையில் சரியும். பாலத்தூணுக்கும் இதுவே நிலை.

விதி 2: தாரை மேல்நோக்குக. பம்பை மேல் மூன்றிலொரு பங்கில் வைத்து, நீர்ப்பரப்பை நோக்கிச் சற்றே சாய்க்க. பரப்பு கலங்கினால் வளிப்பரிமாற்றமும் கூடும்.

விதி 3: ஒரு பெருந்தாரையினும் பல அகன்ற தாரை நன்று. ஓட்டத்தின் மொத்த அளவு குறையவேண்டியதில்லை. ஓரிடத்தில் குவிவதே குற்றம்.

விதி 4: 1 முதல் 2 மி.மீ. மணல் கொள்க. ஏற்கெனவே நுண்மணல் இட்டவர், குழி விழும் மூலையில் மட்டும் பருமணல் தூவலாம். நுண்ணியது பெயர்ந்து, பரியது மேலே கவசமாய் நிற்கும். ஆற்றுப் படுகையும் இவ்வாறே தன்னைக் காத்துக்கொள்கிறது.

விதி 5: வேகத்தைச் சில வாரங்களில் படிப்படியாக உயர்த்துக. புதுமணலில் பாக்டீரியாப் படலம் வளர்ந்து துகள்களை ஒட்டும்வரை பொறுத்தல் வேண்டும்.

விதி 6: கரண்டியை எடுக்கற்க. குழி ஓர் ஆழத்துக்கு மேல் போகாது. குழி ஆழ்ந்தபின் அடியில் நீர்வேகம் தணியும். நாள்தோறும் சமன்செய்வோர், ஓட்டம் முடித்துவைத்த வேலையை மறுபடி தொடக்கிவைப்பவர்.

8. தீர்ப்பு

பவளம் கேட்டது நியாயம். மணல் செய்தது இயற்கை. கோபி மீன் வயிற்றுப்பாட்டுக்கு உழைத்தது. மூவரும் விடுவிக்கப்படுகின்றனர். உடைமையாளர் பம்பைச் சற்றுத் திருப்பி வைக்கக் கடவர். அதற்கும் மனமில்லையேல், மணல் குவிந்திருக்கும் பக்கமாகத் தம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்ளக் கடவர். செலவுத்தொகை குறித்து ஆணை இல்லை. அது முன்பே செலவாகிவிட்டது.