உதைத்த கேள்வி, தடுத்த பதில்

பத்தாம் நம்பர், பரந்தன்: நான் மத்தியகள வீரன். மைதானம் முழுக்க ஓடுகிறேன். ஆனால் ஒருவரும் என் பெயர் சொல்லிக் கத்துவதில்லையே?

ஒரு பந்தைப் பிழையாக எதிரணிக்குக் கொடுத்துப் பாருங்கள் தம்பி. உங்கள் பெயர் மட்டுமா, பரம்பரையே ஒலிபெருக்கி இல்லாமல் கேட்கும்.

பத்தாம் நம்பரின் அம்மா, பரந்தன்: இந்தப் பந்து என் பிள்ளைக்குச் சோறு போடுமா?

போடும் அம்மா, ஆட்டம் முடிந்ததும் பார்சலாக. சம்பளம் என்றால் கதை வேறு. இலங்கையின் முதல் தொழில்முறை லீக் என்று 2021இல் தொடங்கிய சூப்பர் லீக்கில் 10 கழகங்கள். அவற்றில் வடக்கின் கழகம் ஒன்றுகூட இருக்கவில்லை. மூன்று கழகங்கள் முப்படைகளுடையவை. ஆக, மாதச் சம்பளத்தோடு பந்து உதைக்க ஒன்றில் சீருடை போடவேண்டும், இல்லாவிட்டால் கொழும்பு பஸ் ஏறவேண்டும். முதலாவதை வன்னித் தாய் ஒருவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. விளையாடட்டும், கையில் ஒரு தொழிலும் பழகட்டும். எங்கள் லீக்குகளில் ஞாயிறு கோல் அடிப்பவர்கள் திங்கள் வேலைக்குப் போகிறவர்கள்தான்.

கழகச் செயலாளர், புதுக்குடியிருப்பு: வன்னியில் நல்ல முன்கள வீரர் வருகிறார்கள், கோல் காப்பாளர் வருகிறார்கள். மத்தியகளத்தில் மட்டும் ஏன் பஞ்சம்?

நீங்கள் நடத்தும் சுற்றுப்போட்டி நோட்டீசை எடுத்து வாசியுங்கள். ஞாபகார்த்தக் கிண்ணம், மின்னொளி, அணிக்கு ஏழு பேர், விலகல் முறை. குறுகிய மைதானத்தில் கோல் காப்பாளர் தூக்கி அடித்தால் பந்து நேரே மற்றக் கோல் வாசலில் போய் விழுகிறது. நடுவில் நிற்கிற பெடியன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். பந்தை வாங்கி, திரும்பி, யார் ஓடுகிறான் என்று பார்த்துக் கொடுக்க அவனுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. முதல் ஆட்டத்தில் தோற்றால் அன்றிரவே மூட்டை கட்டவேண்டும். அதற்குப் பயந்து நீங்களும் யாழ்ப்பாணத்தில் இருந்து நாலு பேரை வானில் ஏற்றி வருகிறீர்கள். ஊர்ப் பிள்ளை வாங்கில் இருந்து தண்ணீர்ப் போத்தல் நீட்டுகிறான். 2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் வந்தபோது முல்லை பீனிக்ஸ், வவுனியா வாரியர்ஸ் என்று ஊர்ப்பெயர் போட்ட அணிகளைப் பார்த்தோம். பதினொரு பேர், முழு மைதானம், தோற்றாலும் அடுத்த கிழமை இன்னொரு ஆட்டம். மத்தியகள வீரன் அங்கேதான் விளைவான். மின்விளக்கு வாடகையில் பாதியை அப்படியொரு லீக்குக்கு ஒதுக்கலாமே, செயலாளர் அவர்களே?

கட்டையன், ஒட்டுசுட்டான்: என் உயரத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

பிரெஞ்சு மத்தியகள வீரர் கான்டேயின் உயரம் 1.68 மீற்றர். 2012இல் பிரான்சின் மூன்றாம் பிரிவில் ஆடினார். 2016இல் லெஸ்டருடன் இங்கிலாந்துச் சம்பியன், 2018இல் பிரான்சுடன் உலகச் சம்பியன். சிரித்தவர்களுக்கு எவ்வளவு உயரமாம்?

ஊர் விசாரிப்பவர், முள்ளியவளை: விமல் யோகநாதன் எந்த ஊர்ப் பெடியன்?

ஊர் கேட்காமல் நாம் யாரைத்தான் விட்டோம்! இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன், 2006இல் வேல்ஸில் பிறந்தவர், பரந்தன் பத்தாம் நம்பரைப்போல மத்தியகளம். 2024 ஓகஸ்ட்டில் பார்ன்ஸ்லி கழகத்துக்காக விகனுக்கு எதிராக இறங்கினார். இங்கிலாந்தில் தொழில்முறையாக ஆடும் முதல் தமிழர் என்று எழுதினார்கள். பார்ன்ஸ்லி அப்போது மூன்றாம் பிரிவுதான். உதட்டைப் பிதுக்கவேண்டாம், அவர்களுடைய ஓக்வெல் மைதானத்தில் 23,000 பேர் இருந்து பார்க்கலாம். எங்கள் முதலாம் பிரிவுக்கு அத்தனை பேரைச் சேர்க்க, கோவில் திருவிழாவையும் கூட வைக்கவேண்டும்.

கோபக்காரன், நெடுங்கேணி: சிவப்பு அட்டை வாங்கினேன். வீட்டில் மானம் போகிறது.

2023 ஜனவரியில் பீபா எங்கள் உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கே அட்டை காட்டி ஓகஸ்ட் வரை வெளியே நிறுத்தியது. உங்களுக்கு ஒரு ஆட்டம்தானே?

சந்தேகம், செட்டிகுளம்: நடுவரும் மத்தியகள வீரரும் ஒரே இடத்தில்தான் ஓடுகிறார்கள். என்ன வித்தியாசம்?

ஏச்சு வாங்குவதில் நடுவர் முன்கள வீரர்.