முனியாண்டிக்கு முழுச்சேவல், துரைக்கு எலும்பு

துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்த என் பாட்டி, ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொழிலாளர் லயத்துக்குக் கொண்டுவந்த செய்தி, மலேசியாவில் ரந்தாவ் பக்கமிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தையே கலக்கிவிட்டதாம். "தொரைக்கும் தொரைசானிக்கும் கோழி எலும்புல சண்ட. ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுக்குறாங்க!" வேலையை மேற்பார்க்கும் தண்டல் உடனே கணக்குப் போட்டார்: தொரையே எலும்புக்கு அடித்துக்கொண்டால் ரப்பர் விலை படுத்துவிட்டது என்று அர்த்தம், அடுத்தது நம் சம்பளம்தான்.

அது சண்டையல்ல, வேண்டுதல். கோழியின் கழுத்தடியில் கவட்டை மாதிரி ஓர் எலும்பு உண்டு. நமக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு காறையெலும்புகளும் பறவைக்கு ஒன்றாக ஒட்டிப்போனதால் வந்தது. டைரனோசாரஸுக்கும் அது இருந்திருக்கிறது; அதைப் பிடித்து இழுக்கும் துணிச்சல்தான் எந்தத் துரைக்கும் வந்திருக்காது. இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டிலேயே இந்த விளையாட்டு நடந்திருக்கிறது. காயவைத்த எலும்பை இருவர் இழுக்க வேண்டும். பெரிய துண்டு யார் கையில் வருகிறதோ, அவர் நினைத்தது பலிக்கும்.

எங்கள் வீட்டுக் கோழிக்கு அந்த யோகமே கிடையாது. குழம்புக்கு வெட்டும்போது கத்தி நெஞ்சின் குறுக்கே நாலு போடு போடும், கவட்டையாவது, காறையாவது! கால் மாப்பிள்ளைக்கு, ஈரல் கடைக்குட்டிக்கு, கழுத்து சமைத்தவளுக்கு. மிச்சத்தை உறிஞ்சித் துப்புவோமே தவிர, அதனிடம் யாரும் வரம் கேட்டதில்லை.

வரம் கேட்க முனியாண்டி இருந்தார். தோட்டத்து எல்லையில், மரத்தடியில், சூலத்தோடு. "காணாமப்போன மாடு கெடச்சா சேவல் அறுக்குறேன் சாமி." மாடு வந்தால்தான் சேவல்; முன்பணம் கிடையாது. ஆனால் மாடு வந்த பிறகு சேவலை மறந்தால் அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் காரணம் ஊருக்கே தெரியும். துரையின் ஏற்பாட்டைப் பாருங்கள்: கோழியை முழுதாகத் தின்றுவிட்டு, மிஞ்சிய எலும்பில் வேண்டுதல். பலித்தால் யாருக்கும் பாக்கியில்லை. காடழித்த கூலியின் பேரன் நான், இந்தக் கணக்கில் எனக்கு ஆச்சரியமில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாங்களும் சிரம்பானில் ஒரு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்தோம். போன தீபாவளிக்கு அண்ணன் மகள் கடையிலிருந்து முழுக்கோழி ரோஸ்ட் வாங்கிவந்து, யூடியூப் பார்த்து, எலும்பை முழுசாக எடுத்துத் தம்பியோடு இழுத்தாள். பெரிய துண்டு அவளுக்குத்தான். பெரியப்பா இரண்டு துண்டையும் மேசையில் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். 1969-இல் மேக்னம் லாட்டரி வந்த நாளிலிருந்து கனவில் பாம்பு வந்தாலும் ரோட்டில் கார் நொறுங்கினாலும் நாலு நம்பர் பார்க்கிறவர் அவர். ஒரு துண்டு 7, இன்னொன்று 1. திருப்பிப் போட்டு 1-7. ஆக 7117. ஞாயிற்றுக்கிழமைக் குலுக்கலுக்கு எழுதிவிட்டார்.

ஆறுதல் பரிசுகூட விழவில்லை.

"எப்படி விழும்?" என்றார் பெரியப்பா. "ஐஸ்ல கெடந்த கோழி. தல எங்க போச்சுன்னே அதுக்குத் தெரியாது, நம்பரா தெரியப்போவுது?"