கரும்புக்குக் கூட்டம் பார்த்த கதை

கொங்கு நாட்டில் சம்பந்தம் பேசப் போனால் முதல் கேள்வியே ‘நீங்க என்ன கூட்டமுங்க?’ என்பதுதான். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. காபியைக் குடித்துவிட்டு எழுந்து வர வேண்டியதுதான். 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையத்தைத் தொடங்கிய சி. ஏ. பார்பர் துரைக்கு இந்த வழக்கம் தெரியுமோ தெரியாதோ, பார்த்த வேலை அதுதான். இந்திய நாட்டுக் கரும்புகளை நிற்கவைத்து விசாரித்து, முங்கோ, சரேதா, சன்னபிலே, பன்சாகி, நர்கோரி என்று ஐந்து கூட்டமாகப் பிரித்தார்.

வடக்கே கரும்பு வளரும். பூத்து விதை பிடிப்பது அபூர்வம். கோவையில் இரண்டும் நடக்கும். ஆகவே கல்யாணமெல்லாம் இங்கே.

முதல் மணப்பெண் ‘வெள்ளை’. தடித்த உடம்பு, தித்திக்கும் சாறு. லின்னேயஸ் 1753லேயே பெயர் சூட்டிய சக்காரம் அஃபிசினேரம் குலம். டச்சுக்காரர்கள் ‘மேட்டுக்குடி’ப் பட்டம் வேறு கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையோ வாய்க்கால் ஓரத்து நாணல், சக்காரம் ஸ்பான்டேனியம். சர்க்கரை பேருக்குத்தான். ஆனால் வறட்சி, நோய், குளிர் எது வந்தாலும் அசையாத கட்டை. பிறந்த பிள்ளை கோ 205, 1918இல் பஞ்சாபுக்குப் பிழைக்கப் போனது.

பிள்ளைக்குத் தாய் தன் குரோமோசோம்களில் பாதியைக் கொடுப்பதுதான் உலக வழக்கம். நாணலோடு சேரும்போது மேட்டுக்குடி அம்மாள் நாற்பதோடு நிறுத்துவதில்லை, எண்பதையும் அள்ளிக் கொடுத்துவிடுகிறாள். எந்தச் சம்பந்தி கேட்டாரோ!

பார்பருக்குப் பின் வந்த டி. எஸ். வெங்கட்ராமனுக்குக் கை நிற்கவில்லை. சோளத்தோடு சேர்த்தார்; மூங்கிலோடும் முடிச்சுப் போட்டாயிற்று என்று அறிவித்தார். வெள்ளைக்காரன் 1942இல் ‘சர்’ பட்டம் கொடுத்தான். 1934இல் வந்து சேர்ந்த தலைச்சேரி ஜானகி அம்மாள் நுண்நோக்கியில் குனிந்து குரோமோசோம்களை எண்ணினார், நாணலின் பூர்வீகத்தைத் துருவினார். நிமிர்ந்தபோது மக்காச்சோளமும் சம்பந்தியாகியிருந்தது.

இதற்கிடையில் வடநாட்டு மெல்லிய கரும்புகளைத் தனி இனமாக்கி, பார்பரைக் கௌரவிக்க சக்காரம் பார்பரி என்று பெயரிட்டார் ஜெஸ்வீட் என்ற டச்சுக்காரர். பன்சாகிக் கூட்டம் மட்டும் சக்காரம் சினென்ஸ் பக்கம் போனது. பல பத்தாண்டுகள் கழித்து மரபணுவைக் குடைந்தால் வந்தது வினை. பார்பரி, சினென்ஸ் இரண்டுமே கலப்பு. அப்பன் வீடு, அம்மா வீடு விசாரித்தால் ஒருபக்கம் அதே நாணல். மறுபக்கம் நியூ கினிப் பக்கமிருந்து மனிதனோடு கிளம்பி வந்த அதே மேட்டுக்குடி. துரை கோவையில் மேளதாளத்தோடு நடத்திய சம்பந்தத்தை, இரண்டு வீட்டாரும் பல நூற்றாண்டுக்கு முன்பே, தரகுக்கூலி செலவில்லாமல் வயல் வரப்பில் முடித்திருந்தார்கள்.