கோளாறைக் கண்டுபிடிக்காமல் இருப்பது எப்படி?

ஆட்டம் சூடுபிடித்து, எதிரி ஒருவன்தான் பாக்கி என்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைகிறதா? கவலையே வேண்டாம். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலைப் பார்த்துக் குடியிருப்பவர்களும் சரி, உள்ளே திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு ஆட்களும் சரி, இதில் ஏற்கெனவே பாதி தேறியவர்கள். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கையேடு. படிகளை வரிசையாகப் பின்பற்றுங்கள். நடுவில் யோசிக்காதீர்கள்.

1. முதலில் ஆட்டத்தைத் திட்டுங்கள். “யூடியூப் ஓடுது, கேம் போட்டாதான் ஆஃப் ஆகுது, அப்போ கேம்லதான் ஏதோ கோளாறு” என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள். பாட்டுக் கேட்கும்போது கிராபிக்ஸ் கார்டு பத்து இருபது வாட்டில் தூங்குகிறது, ஆட்டத்தில் அதுவே 170 வாட் கேட்கிறது, பாரம் ஏறினால்தான் பலவீனம் வெளியே தெரியும் என்று சித்தப்பா பையன் விளக்க வருவான். “சரிடா” என்று அனுப்பிவிட்டு, 100 ஜி.பி. ஆட்டத்தை அழித்து மறுபடி இறக்குங்கள். இரண்டு நாள் நிம்மதி.

2. அணைந்ததற்கும் இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. கேபிள்காரரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேளுங்கள்.

3. விண்டோஸைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். இது முக்கியம். உள்ளே ஈவன்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் அணைந்த ஒவ்வொரு முறையும் ‘கெர்னல்-பவர் 41’ என்று நேரத்தோடு எழுதி வைத்திருக்கும். காரணத்தைச் சொல்லாது, நேரத்தைச் சொல்லிவிடும். கீழ்வீட்டில் போர் மோட்டார் போடுவதும் அதே ஆறே முக்கால்தான், அப்போதெல்லாம் உங்கள் அறை ஃபேனும் மெதுவாகச் சுற்றுகிறது என்று யாராவது சேர்த்துப் பார்த்துவிட்டால் இந்தக் கையேட்டுக்கே வேலையில்லை. துடையுங்கள். சாட்சி காலி.

4. சிபியுவைக் கிழக்கு ஜன்னலுக்கு நேராக வையுங்கள், கடல்காற்று குளுகுளுவென்று உள்ளே போகட்டும். கேபினட்டில் இருக்கிற விசிறிகளுக்கு வேலையே அதுதான்: காற்றை உறிஞ்சுவது, அதிலிருக்கும் உப்பைப் போர்டில் படியவிடுவது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாக நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் கரையில் ராத்திரியில் பெரும்பாலும் அந்த அளவுக்குக் கீழே இறங்குவதில்லை. பல்லவ மன்னன் ராஜசிம்மன் மாமல்லபுரத்தில் கட்டிய கடற்கரைக் கோயில் 1,300 ஆண்டாக இதே காற்றை வாங்கித்தான் சிற்பங்களின் முகம் மழுங்கி நிற்கிறது. தொல்லியல் துறை சவுக்கு வளர்க்கிறது, காகிதக் கூழை அப்பிக் கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கிறது. கருங்கல்லுக்கு அந்தக் கதி. உங்கள் மதர்போர்டின் செம்புக் கோடுகளின் கனம் தலைமுடியளவுகூட இல்லை. ஆனால் அதற்கு மூன்று வருட வாரண்டி உண்டே, பல்லவனிடம் அது இல்லை.

பின்பக்கத் திருகுகளை ஒருமுறை பாருங்கள். தலையெல்லாம் பழுப்பாகத் துருவேறி, யு.எஸ்.பி. ஓட்டையின் விளிம்பில் பச்சை பூத்து... பாருங்கள் என்றா சொன்னேன்? பார்க்காதீர்கள். சிபியுவைச் சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள்.

5. பராமரிப்பு வருடத்துக்கு ஒருமுறை போதும், ஆயுதபூஜைக்கு. முன்பக்க வலையில் சந்தனத்தைத் தாராளமாக அப்புங்கள். ஓட்டைகள் அடைபட வேண்டும். மேலே குங்குமம். உள்ளே இருக்கும் தூசு லட்சுமி கடாட்சம், ஊதித் தள்ளாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில், ஷீட் போட்ட மாடி அறையில், பிராசசர் 100 டிகிரியைத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு திணறும்போது ‘லேக் அடிக்குது’ என்று இரண்டாம் படிக்குத் திரும்பலாம். தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்கிறார்களா? பாத்ரூமில் டூத்பேஸ்ட் இருக்கிறது. ஓரிரு நாள் நன்றாகவே வேலை செய்யும்.

6. கேபினட்டைத் தொட்டால் ‘சுருக்’ என்கிறதா? செருப்புப் போட்டுக்கொண்டு விளையாடுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில், கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டி மின்தேக்கிகள் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியைத் தகரத்தின் மேல் நிறுத்திவிடும் என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். அவரைக் கூப்பிட்டால் காசு, செருப்பு இலவசம். பிளக்கின் மூன்றாவது முள் சும்மா பேச்சுத்துணைக்கு.

7. புயல் வந்தால் பிளக்கைப் பிடுங்குவது கோழைத்தனம். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் மாமல்லபுரத்தருகே கரையேறியபோது எத்தனை பேர் பயந்து பிடுங்கினார்கள்! நீங்கள் சுவிட்சை அப்படியே விடுங்கள். கரண்ட் திரும்ப வரும்போது எகிறி வரும் வோல்ட்டேஜை முதலில் வரவேற்கும் பெருமை உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கே கிடைக்கட்டும்.

8. இப்போது எஸ்.எம்.பி.எஸ். கேபினட் வாங்கும்போது கூடவே வந்தது, மேலே 450 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, அது போதும். பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காதீர்கள். அங்கே 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் 192 வாட்தான் வரும். உங்கள் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு மட்டுமே 170 வாட் தின்னும். அதைச் செய்தவர்களே 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போடச் சொல்கிறார்கள். பெருக்கல் பள்ளிக்கூடத்தோடு முடிந்த விஷயம். உள்ளே பல்லி விழுந்து கருகிய வாடை வந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்று எல்லாவற்றுக்கும் பலன் போட்டவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஒன்று மட்டும்: எஸ்.எம்.பி.எஸ். மூடியைத் திறந்து கைவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். எனக்கு வாசகர்கள் வேண்டும்.

9. ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டுங்கள். இது சில சமயம் உண்மையாகவே பலிக்கும், அதனால் ஜாக்கிரதை. கூடவே கேபிளை மாற்றி, பயாஸ் பேட்டரியை மாற்றி, டிரைவரையும் புதுப்பித்துவிடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறவன்தான் கண்டுபிடித்துவிடுகிறான்.

10. வீட்டில் அறிவியுங்கள்.

“எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்ப்பா. கார்டுதான் போச்சு.”

“எவ்ளோடா?”

“இருபத்தஞ்சுதான்ப்பா.”

“ரூபாயா?”

“ஆயிரம்ப்பா. படிப்புக்கும் ஆகும்ப்பா.”

நமக்குள் இருக்கட்டும்: முதல் நாள் அணைந்தபோதே புதுக் கார்டு என்று முடிவாகிவிட்டது. மேலே செய்ததெல்லாம் அப்பாவுக்குக் காட்ட ஆதாரம்.

11. சிபியுவைக் கார்டோடு சேர்த்து பைக் டேங்க் மேல் வையுங்கள். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் முக்கால் கிலோ கார்டு ஸ்லாட்டில் ஊஞ்சலாட வேண்டும். பீச் லோக்கலில் மடியில் வைத்துக்கொண்டு எழும்பூர், ஆட்டோவில் ரிச்சி தெரு. கடைக்காரர் அவருடைய நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டி ஓட்டிக் காட்டி, “நல்லாத்தானே சார் ஓடுது?” என்பார். காதில் வாங்காதீர்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா?

12. புதுக் கார்டு 220 வாட். அதே எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள்.

13. பழைய கார்டை ‘சின்னப் பிரச்சினை’ என்று எழுதிப் பாதி விலைக்குத் தள்ளுங்கள். மறைமலைநகர்க் கல்லூரிப் பையன் ஒருவன் வந்து வாங்கிப் போவான். மறுநாள் ராத்திரி போன் செய்வான், “அண்ணா, சூப்பரா ஓடுதுண்ணா, பிரச்சினைன்னு போட்டிருந்தீங்களே, என்னண்ணா அது?” என்று கேட்க. எடுக்காதீர்கள்.