கம்ப்யூட்டர் தம்பி

1924இல் வந்த ரயில் பாதை பதுளையோடு நின்றுவிட்டது. கொழும்பு ஆபிஸ்களில் உழைத்துக் களைத்த கணினிகள் அங்கே நிற்பதில்லை. பஸ் ஏறி பசறை, நமுனுகுல, மடூல்சீமை என்று மலைக்குப் போய், தேயிலைத் தோட்டத்து ஆபிஸ்களில் இரண்டாம் முறை வேலைக்குச் சேர்கின்றன. அவற்றின் பின்னாலேயே தோளில் பையோடு போகிறவர்தான் கம்ப்யூட்டர் தம்பி. வயது நாற்பத்தைந்தானாலும் தம்பிதான். டவுனில் எப்போதோ ஒரு கோர்ஸ் படித்தவர். சர்டிபிகேட்டை யாரும் கேட்டதில்லை, அவரும் காட்டியதில்லை.

"தம்பி, இது தூங்குனா எந்திரிக்க மாட்டேங்குது" என்று பெரிய கிளாக்கர் போன் போடுவது எப்போதும் தொழிலாளர் சம்பளக் கணக்கான செக்ரோலை முடிக்கிற நாளில்தான். ஃபேன் சுற்றும், சின்ன லைட் எரியும், திரை மட்டும் கறுப்பு. திரை வருகிற நாளில் மவுஸ் செத்துக் கிடக்கும்.

தம்பி வந்ததும் மெஷினைப் பார்க்க மாட்டார், கிளாக்கரைப் பார்ப்பார். "யாரு கை வச்சது?" எந்த ஆபிஸிலும் இதற்குப் பதில் கிடைத்ததில்லை. பிளேன்டீ வரும். பிறகு விளக்கவுரை:

"ஐயா, தூங்குறப்ப மெமரிக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போகும், மத்ததெல்லாம் ஆஃப். லயத்துல எல்லா லைட்டையும் அணைச்சிட்டு சாமி வெளக்க மட்டும் விடுவாங்கள்ல, அப்பிடி. அந்த வெளக்கும் அணஞ்சா, என்ன வேல செஞ்சோம்னே அதுக்குத் தெரியாது."

2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியதையும் ஞாபகப்படுத்துவார். பழி மெஷினிலிருந்து அரசாங்கத்துக்கு மாறியதும் அறையில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

மூடியைக் கழற்றி, உள்ளே பார்த்து, "டஸ்ட் நம்பர் ஒன்" என்று தரம் பிரிப்பார். அழிரப்பர் கேட்டு வாங்கி, ரேமின் பொன்முலாம் முனைகளைத் தேய்ப்பார். இதைக் கேலி செய்ய வழியில்லை. மலை ஈரத்தில் கறுத்த முனை சுத்தமானதுமே எழுந்து உட்கார்ந்த மெஷின்கள் உண்டு. அடுத்தது சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி. அது தீர்ந்திருந்தால், இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கைக் கழற்றிய மறுநாள் மெஷின் 2009இல் கண்விழிக்கும். கிளாக்கருக்கு வேர்த்துவிடும்: "2021ல நாள் சம்பளம் 1,000 ரூவா ஆனதே பெரும்பாடு. இது பழைய சம்பளத்தப் போட்டுறாதே தம்பி?"

போர்டில் தலை உப்பிய கப்பாசிட்டர் தென்பட்டால் தம்பியின் முகம் மலரும். மெஷினை டவுனுக்குத் தூக்கிப் போகலாம். இரண்டு கிழமைக்கு யாரும் கேட்க முடியாது.

இதெல்லாம் சரியாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் வீடியோ டிரைவர். அது விண்டோஸ் 7 காலத்தில் எழுதியது. மேலே ஏற்றியிருப்பதோ விண்டோஸ் 10. ஏழுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அந்த வீடியோ கார்டுக்குப் புது டிரைவர் எழுத இனி ஆள் வரப்போவதில்லை. தம்பிக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் "வைரஸ்" என்றுதான் சொல்வார். டிரைவர் என்றால் விளக்கம் கேட்பார்கள், கூலியைக் குறைப்பார்கள். வைரஸ் என்றால் பயந்து, கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள்.

முடிவான வைத்தியம் எல்லாத் தோட்டத்துக்கும் ஒன்றே. பவர் செட்டிங்கைத் திறந்து, ஸ்லீப் என்ற இடத்தில் 'நெவர்' என்று போட்டுவிட்டுப் பையை மூடுவார்.

"இனிமே தூங்கவே தூங்காது ஐயா. தூங்குனாத்தானே எந்திரிக்கிற பிரச்சின?"

கிளாக்கர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

"இந்த ஐடியா தொரை காதுக்கு மட்டும் போயிறக் கூடாது தம்பி. எங்களுக்கும் அதே செட்டிங்கப் போட்டுருவாரு."